லைன்ல இரு

ஒன்பது வீட்டையும் ஒரே நீளச் சுவராகக் கட்டியிருந்த அந்த லைன் வீட்டுக்குப் பத்தாவதாக ஒரு வீடு முளைத்த அன்று குழாயில் தண்ணீர் விடும் நாளாக இருந்ததால், அதைப் பற்றி நின்று பேச ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. முந்தின சாயங்காலமே கொண்டுவந்து வைத்த குடங்கள் சுவரோரம் லைனில் நின்றன. குடத்துக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள். பெண்களுக்குப் பின்னால், நேற்றுவரை எருக்கஞ்செடி நின்ற இடத்தில், ஒரு வீடு நின்றது. முதலில் பார்த்தவள் இரண்டாவது வீட்டுச் சரசு. "அக்கா, உங்க ஊட்டுக்கு அக்கட்ட ஒரு கதவு இருக்குது" என்று பாவாயியிடம் சொல்லிவிட்டு, தன் குடத்தின் முறை வந்துவிட்டதால் குனிந்துகொண்டாள்.

பாவாயியின் வீடுதான் ஒன்பதாவது, அதுவரைக்கும் கடைசி. அவள் திரும்பிப் பார்த்தாள். மற்ற ஒன்பது கதவுக்கும் அடித்திருந்த அதே நீலம், அதே சிமெண்ட் அட்டைக் கூரை, கூரைத் தண்ணீர் வழிந்து வழிந்து சுவரில் விழுந்த அதே பழுப்புக் கோடு. நேற்று வந்த வீட்டுக்கு இருபது வருடத்து மழைக்கறை எப்படி வந்தது என்று அவள் நினைக்கவில்லை. யாருடைய வீடு என்றுதான் நினைத்தாள்.

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருந்த அந்த ஊரில் லைன் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பிறந்து வளர்ந்து செத்தும் போய்விடலாம். லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போனவர் லைனில் போயிருக்கிறார், அவர் பெண்டாட்டி பிள்ளைகள் லைனில் குடியிருக்கிறார்கள். கரண்டு நின்றால் லைன் போய்விட்டது, அதைப் பார்க்கக் கம்பத்தில் ஏறுகிறவர் லைன்மேன், அவர் வந்து இறங்குவது லைன் பஸ். மாப்பிள்ளை என்ன லைன் என்று கேட்டால் என்ன தொழில் என்று அர்த்தம், அதே மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் யாருக்காவது லைன் போட்டானா என்பது வேறு விசாரணை. சொன்ன பேச்சைக் கேட்காத பையன் லைனுக்கு வரமாட்டேன் என்கிறான், அவனைப் பற்றி அவன் மாமனிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தால் லைன் கிடைக்காது. இத்தனை காரியத்துக்கும் ஒரு சொல் போதுமாக இருந்தது. யாருக்கும் ஒரு அர்த்தம் இன்னொன்றாகப் பட்டதில்லை, பாவாயிக்கு மட்டும் ஒரே ஒரு தடவை பட்டுவிட்டது என்று ஊர் சொன்னது. அவள் அதை ஒத்துக்கொண்டதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த வளவில் இருந்த ஒரே போன் வீட்டுக்காரர் செங்கோடன் வீட்டுச் சுவரில் இருந்தது. லைனில் போன ஆண்கள் எங்கிருந்தாவது கூப்பிடுவார்கள். வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கத்துவாள். பெயருக்குரியவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடுவாள். அதிலும் ஒரு முறை இருந்தது. கூப்பிட்டவர்தான் முதலில் வைக்க வேண்டும். வீட்டிலிருக்கிற பெண் முதலில் வைத்தால் அது போகச் சொல்வதுபோல. பாவாயி ஒருநாளும் முதலில் வைத்ததில்லை. அன்றைக்கு அவள் புருசன் அர்த்தநாரி ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூருக்கும் அந்தப் பக்கம் ஒரு சாலையோரத்துப் பூத்திலிருந்து கூப்பிட்டிருந்தார். மகள் கோகிலா பள்ளிக்கூடம் போனாளா, உனக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டவர், யாரோ வெளியிலிருந்து கூப்பிட்டதுபோல் பேச்சை நிறுத்திவிட்டு, "ஏ புள்ள, லைன்ல இரு. இந்தா வந்தர்றேன்" என்றார். ரிசீவரை மேசைமேல் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மழை கேட்டது, லாரிகள் கேட்டன, டீ கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது. பாவாயி லைனில் இருந்தாள். சாயங்காலம் வீட்டுக்காரம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ரிசீவரைப் பிடுங்கிப் போன்மேல் வைத்தாள்.

லாரி கிடைத்தது. முன்விளக்கு எரிந்தபடி, லோடு ஒரு மூட்டை குறையாமல் நின்றிருந்தது. ஆள் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. போய்த் தேடியவர்கள் திரும்பி வந்து பாவாயியின் முகத்தைப் பார்க்காமல் வேட்டியைத்தான் உதறிக் கட்டினார்கள்.

அவள் பொட்டை அழிக்கவில்லை. கோகிலா வளர்ந்து, கல்யாணமாகி, பெருந்துறைக்குப் போய், வருடத்துக்கு நாலுதரம் வந்து கூடவே வந்து இருந்துகொள்ளும்படி கேட்டாள். பாவாயி ஒரே பதில்தான் சொன்னாள்: உங்கப்பன் லைன்ல இருக்கச் சொல்லியிருக்குது. அம்மா, அது போனைச் சொன்னது என்றாள் மகள். வீட்டையும் உங்கப்பன் லைன்னுதான் சொல்லும், ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் லைன்ல பாத்து இருந்துக்க என்றுதான் சொல்லிவிட்டுப் போகும் என்றாள் பாவாயி. அது உண்மை, அதனால் கோகிலாவால் மறுக்க முடியவில்லை. தறிப்பட்டறையில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற மிசினுக்கு முன்னால் பாவாயி நாள் முழுக்க நின்றாள், திரும்பி வந்து ஒன்பதாவது வீட்டில் இருந்தாள்.

பத்தாவது வீடு பூட்டியிருக்கவில்லை. தண்ணீர் நின்ற பிறகு பெண்கள் போய்ப் பார்த்தார்கள். ஒரு பாய், ஒரு ஸ்டவ், கொடியில் ஒரு லுங்கி, வீடு முழுக்க டீசல் வாசம். வாசலில் கிடந்த செருப்பு இரண்டும் மல்லாந்து கிடந்தன. ஆளைக் காணோம், ஆனால் பாயைத் தொட்டுப் பார்த்தவள் சூடு இன்னும் இருக்கிறது என்றாள். செங்கோடன் வந்து, இதைத் தான் கட்டவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கட்டினவன் கலவையை ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறான் என்று மெதுவாகச் சொன்னார்.

சேதி லைன் பஸ்ஸில் ஏறிப் போயிருக்க வேண்டும். சங்ககிரிப் பக்கத்திலிருந்து அத்தாயி என்கிற பெண் ஒரு தூக்குப்போசியில் சோற்றோடு வந்து இறங்கினாள். அவள் புருசன் குழந்தைவேலு வடக்கே ஒரு மலைப்பாதையில் லாரியோடு கவிழ்ந்து, அங்கேயே யாரோ எரித்துவிட்டு, சாம்பல்கூட வந்து சேராத மனிதர். அத்தாயி செருப்பைப் பார்த்தாள். மல்லாக்கக் கழட்டினால் பாம்பு தேள் உள்ளே போகாது என்று அவர் எப்போதும் சொல்வார் என்றாள். அழவில்லை. சோறு போட்டுத் தட்டை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து பாவாயி வீட்டில் படுத்துக்கொண்டாள். காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்தியிருந்தது.

"லைன்லயே தின்னு லைன்லயே கழுவுன மனுசன். தட்ட ஆருகிட்டயும் குடுக்க மாட்டாரு" என்றாள் அத்தாயி, தட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே. அதோடு அந்த விசயம் முடிவாகிவிட்டது.

அதற்கப்புறம் வீடுகள் வந்துகொண்டிருந்தன. லைனில் போய், எங்கோ கவிழ்ந்து, எங்கோ மாரடைத்து, ஆற்றில் அடித்துப்போய், மொழி தெரியாத ஊரில் பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக லைனுக்குத் திரும்பினார்கள், திரும்பியவருக்கு ஒரு கதவு வந்தது, கதவு வந்ததும் எங்கிருந்தாவது ஒரு பெண் பஸ் இறங்கி வந்து, கொடியில் துண்டு மடித்துப் போட்டிருக்கிற விதத்தையோ, பீடிக்கட்டைச் சொருகியிருக்கிற இடத்தையோ பார்த்து, இது எங்களுதுங்க என்றாள். சுவர் எருக்கங்காட்டைத் தாண்டி, செங்கோடனின் நிலத்தைத் தாண்டி, பைபாஸ் ரோட்டைப் பார்த்து நீண்டுகொண்டே போனது.

ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொண்டது. முதல் தகராறு தண்ணீருக்குத்தான். செத்தவர்களுக்கு என்னத்துக்குக் குடம் என்று சரசு கேட்டாள். தட்டுக் கழுவ வேண்டாமா என்று அத்தாயி கேட்டாள். கடைசியில் உயிரோடு இருக்கிறவர்கள் குடம் முன்னாலும் மற்றவர்கள் குடம் பின்னாலும் என்று பேசி முடித்தார்கள். லைன்மேன் பொன்னுசாமி வந்து, புது வீடுகளில் லைனே இல்லாமல் லைட் எரிகிறதைப் பார்த்தார். ரொம்ப நேரம் இடுப்பில் கை வைத்து நின்றார். இருபத்தஞ்சு வருசச் சர்வீசில் இப்படி ஒரு முறைகேட்டைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, கம்பத்திலிருந்து ஒரு லைனை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கரண்டு போகிற நேரத்தில் செத்தவர்கள் வீட்டிலும் கரண்டு போனது, அவருக்கு நிம்மதியாக இருந்தது. மாரியம்மன் நோம்பிக்கு மாவிளக்கு எடுத்து வந்தவர்கள் எல்லாக் கதவுக்கும் முன்னால் ஒரு கணம் நின்று போனார்கள். பதினாலாம் வீட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது மஞ்சள் தடவிய பத்திரிகையை வாசலில் வைத்தார்கள், மறுநாள் பத்திரிகை இல்லை. கல்யாணத்தன்று மண்டபத்தில் கடைசிப் பந்தியில் ஒரு இலை யாரும் உட்காராமலே சாப்பிட்டு மடித்திருந்ததாகப் பரிமாறியவன் சொன்னான். இலை நம்மைப் பார்த்து மடித்திருந்ததா, அந்தப் பக்கமா என்று பெரியவர் ஒருத்தர் கேட்டார். நம்மைப் பார்த்துத்தான் என்றான். அப்போ சரி என்றார் அவர்.

பாவாயி மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் லைனின் கடைசிவரைக்கும் நடந்து போவாள். புதிதாகக் கதவு இல்லையென்றால் அவர் உயிரோடு இருக்கிறார். இருந்தால், வாசலிலேயே நின்று, உள்ளே அவர் வாசம் வருகிறதா என்று மூக்கை நீட்டுவாள். அர்த்தநாரிக்கு வெற்றிலை இல்லாமல் ஆகாது. டீசல் வரும், பீடி வரும், வெற்றிலை வராது. அவள் திரும்பி வருவாள். திரும்பி வருகிற வழியில் அத்தாயி போன்றவர்கள் கவிழ்த்திய தட்டுகளை எடுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பாள். அந்தத் தட்டுகளை அவளால் கொஞ்ச நேரத்துக்கு மேல் பார்க்க முடியாது. கதவு வரக்கூடாது என்று மலைமேல் இருக்கிற சாமியைக் கும்பிட்டாள், அவர் பெயரையே வைத்திருக்கிற சாமி. கும்பிட்டுவிட்டு வந்த அன்றே, கழுவ ஒரு தட்டாவது இருந்தால் என்ன என்று அடுப்படியில் நின்றபடி நினைத்தாள்.

அந்த ஊரில் பகல் முழுக்கத் தறிகள் ஓடும். அந்தச் சத்தத்தில் பிறந்தவர்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. மத்தியானம் கரண்டு போய்த் தறிகள் நிற்கும்போதுதான் காது ஒருமாதிரி வலிக்கும். செத்தவர்கள் பேசுவது அந்த நேரத்தில்தான் கேட்கும். பாவாயி வேலைக்குப் போகாத நாட்களில் கரண்டு போனதும் பத்தாவது வீட்டுச் சுவரில் காதை வைத்துக்கொள்வாள். எல்லாம் டிரைவர்கள் பேசுகிற பேச்சுதான்: எந்தச் செக்போஸ்ட்டில் எவ்வளவு நேரம் நிறுத்துவான், எந்த ஊர்ச் சப்பாத்தி கல் மாதிரி இருக்கும், எந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது. ஒரு தடவை சரசு அவளை அப்படிப் பார்த்துவிட்டாள். "ஏக்கா, செத்த ஆம்பளைக்கு லைன் போடறியாக்கும். அத்தாயிக்குத் தெரிஞ்சா வெளக்குமாறு பிஞ்சுபோயிரும்" என்று சிரித்தாள். பாவாயியும் சிரித்தாள். சரசு போனதும் மறுபடியும் காதை வைத்தாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம், கரண்டு போனதும், சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைவேலுவின் குரல் சொன்னது:

"ஒம்பதாம் ஊட்டுப் புள்ள இன்னும் லைன்லயேதான் இருக்குதாட்ட."

"அப்பறம் அர்த்தநாரி எப்படிப் போனை வெப்பான்?" என்றது பதினொன்றாம் வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த குரல்.

"ஆளு அன்னிக்கே முடிஞ்சாச்சு. ஆனா வந்தர்றேன்னு சொல்லிட்டுப் போனானல்லோ, அப்படியே திரும்பி வந்து எடுத்துக் காதுல வெச்சான். வெச்சவன் நிக்கறான். நான் அந்தப் பக்கமாத்தான் வந்தேன். வாப்பா, ஊருக்குப் போலாம்னு கூப்புட்டேன். லைன்ல ஆளிருக்குதுங்கறான்."

"ஆளிருக்கறப்ப எப்படி வெக்கறது."

"காலு பாக்கக் கஷ்டமா இருந்துச்சு. வீங்கி, செருப்புக்குள்ள போகாம இருக்குது."

கரண்டு வந்தது, தறிகள் ஓடின. பாவாயி காதைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. சுண்ணாம்பு கன்னத்தில் அப்பியிருந்ததை அவள் பிறகுதான் துடைத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் தார் மிசினுக்கு முன்னால் நின்றபோது தன் காலைப் பார்த்தாள். நின்று நின்று வீங்கி, கணுக்கால் இருக்கிற இடம் தெரியாமல் போயிருந்த கால். சாயங்காலம் ஆனால் அவள் போய் உட்கார்ந்துவிடுவாள், காலை நீட்டித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் உட்காரவில்லை. சுவரில் சாயாமல், அடுப்படியில் கை ஊன்றாமல், எவ்வளவு நேரம் முடிகிறது என்று நின்று பார்த்தாள். பொழுது இறங்குவதற்குள் தொடை நடுங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறார் என்று அவள் பதினோரு வருடமாகப் பிடித்து வைத்திருந்ததுதான் அவரை நிற்க வைத்திருந்தது.

அப்படியும் அவளுக்கு உடனே மனசு வரவில்லை. நிற்கட்டும், நின்றாலும் லைனில் இருக்கிறார் அல்லவா என்று ஒரு நாள் நினைத்தாள். போனை இறக்கிவிட்டால் அப்புறம் காதில் வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று அடுத்த நாள் நினைத்தாள். பிறகு வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போனாள். சுவரில் இப்போது போன் இல்லை. ஆணி அடித்த இரண்டு ஓட்டையும், துண்டித்துச் சுருட்டிவிட்ட ஒரு வயரும் இருந்தன.

"ஏனுங்க்கா, அன்னிக்குச் சாயங்காலம் போனை வெச்சது ஆரு?"

வீட்டுக்காரம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நாந்தான். உன்ற கையிலிருந்து புடுங்கித்தான் வெச்சேன். எதுக்குடி இப்ப?"

"நானா வெக்கலீங்கல்ல?"

"நீ எங்க வெச்ச. நீ வெச்சிருந்தா இந்தப் பதினோரு வருசம் இப்படியா போயிருக்கும்."

பாவாயி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். அப்படியென்றால் அவள் இன்னும் வைக்கவில்லை, லைனை விட்டுப் போனால்தான் வைத்ததாக ஆகும். கோகிலாவுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்: ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு வா.

கோகிலா வந்தாள். ஏன் என்று கேட்டால் எங்கே மனசு மாறிவிடுமோ என்று பயந்து ஒன்றும் கேட்காமல் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினாள், பாயைச் சுருட்டப் போனாள். பாய் இருக்கட்டும் என்றாள் பாவாயி. ஒரு தட்டும் ஒரு சொம்பும் ஒரு பாயும் தவிர மற்றதெல்லாம் ஆட்டோவில் ஏறின. அத்தாயியும் சரசுவும் வாசலில் வந்து நின்றார்கள். மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பாவாயி கதவைச் சாத்திக்கொண்டாள்.

கரண்டு போக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் அவசரப்பட்டாள். தறிகள் நின்ற அமைதியில் சொல்லி, அவர் 'ம்' என்று சொல்வது கேட்டுவிட்டால் அவளால் வைக்க முடியாது. நடு வீட்டில் நின்றாள். வலது கை தானாகக் காதுக்குப் போனது, பதினோரு வருடத்துக்கு முன்னால் விட்ட இடத்தில் விரல்கள் மடங்கிக்கொண்டன. ஊரிலிருக்கிற தறி அத்தனையும் ஓடுகிற சத்தத்துக்குள் அவள் சொன்னாள்:

"ஏனுங். கோகிலாவக் கட்டிக் குடுத்தாச்சுங். நல்ல பையன். எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்குதுங்." காலை மாற்றி ஊன்றினாள். "நானு வெச்சர்றனுங். நீங்களும் வெச்சுட்டு வாங்கோ."

கையைக் காதிலிருந்து எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு மெதுவாக, ஒரு பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிறவள்போல, இறக்கினாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை.

ஆட்டோவில் அவள் ஒரு காலை எடுத்து வைத்தபோது கரண்டு போனது. தறிகள் ஒவ்வொரு பட்டறையாக அடங்கின, ஊர் முழுக்க அந்த வலிக்கிற அமைதி வந்து நின்றது. ஒன்பதாவது வீட்டுக்குள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. அப்புறம் ஒரு மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, முட்டி இரண்டும் சொடுக்கச் சொடுக்கக் கீழே இறங்கி உட்கார்ந்து, பாயில் காலை நீட்டுகிற சத்தம் கேட்டது. நீட்டி முடித்ததும் ஒரு பெருமூச்சு வந்தது. சாத்திய கதவிடுக்கு வழியாக வெற்றிலை வாசம் வந்தது.

அத்தாயி பாவாயியின் தோளைத் தொட்டாள். கோகிலா தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, உள்ள ஆரு?" என்றாள்.

"உங்கப்பன்தான். படுத்துட்டாரு."

கோகிலா கதவைப் பார்த்து ஓரடி வைத்தாள். பாவாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப வேண்டாங் கண்ணு. பதினோரு வருசமா நின்ன காலு. தூங்கட்டும்."

ஆட்டோக்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கையை நீட்டினார். வேண்டாம் என்று பாவாயி தலையை ஆட்டினாள். அவர் புரிந்துகொண்டு இறங்கினார். அவரும் கோகிலாவும் பின்னாலிருந்து தள்ள, பாவாயி பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க, பாத்திரச் சாக்கு உருளாமல் சரசு அதன்மேல் கை வைத்துக்கொள்ள, ஆட்டோ எல்லாக் கதவுகளையும் தாண்டி, சுவர் முடிகிற இடத்தையும் தாண்டி, பைபாஸ் ரோடு வரைக்கும் சத்தமில்லாமல் போனது.